பிடின்னு சொன்ன பிறகு

"பிடி"ன்னு கத்துனேன். மேல கேபின்ல உக்காந்து ஜெசிந்தா பிரேக் பெடல அமுக்கிப் பிடிச்சா. வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்துக் கெடந்த நான் பின்சக்கரத்து நிப்பிள ஒரு திருகு திருகித் தெறந்தேன், பிரேக் ஆயில் டியூப் வழியா பாட்டில்ல எறங்குச்சு, ஒரு குமிழி கெடையாது, சுத்தமா எறங்குச்சு, நிப்பிள மூடுனேன். அடுத்து "விடு"ன்னு சொல்லணும். அவ கால எடுப்பா, நாலு மிதி மிதிப்பா, மறுபடி பிடி, மறுபடி விடு, காலையில இருந்து இதே பாட்டுத்தான். ஏர் எடுக்குற வேலைன்னா அதுதான், பைப்புக்குள்ள மாட்டிக்கிட்ட காத்த வெளிய தள்ளணும், தள்ளுனா பெடல் கல்லு மாதிரி நிக்கும். விடுன்னு சொல்ல வாயத் தெறந்தப்ப ஒரு சொட்டு ஆயில் காதுக்குப் பக்கத்துல விழுந்துச்சு. துடைக்கத் திரும்புனேன். திரும்புன எடத்துல என் கை இருந்துச்சு, கையில ஸ்பேனர் இருந்துச்சு, ஸ்பேனர் நிப்பிளக் கவ்வி இருந்துச்சு, அம்புட்டும் கீழ இருந்துச்சு. டிஸ்க்கக் கவ்விப் புடிக்கிற காலிபரோட அடிவயித்துல, தரையப் பாத்துக்கிட்டு. மேல இருக்கணும் அது. காத்து மேலதான ஏறும், தண்ணி பாட்டிலக் கவுத்துப் புடிச்சா காத்து மேல நிக்கிற அடிப்பக்கம் போயி உக்காந்துக்கிறதப் பாக்குறோமே, அதே சங்கதி. மேல காத்து சொகமா உக்காந்திருக்கு, நான் கீழ ஓட்டையத் தெறந்து வச்சுக்கிட்டு குமிழி வரல, குமிழி வரல, சுத்தமாயிருச்சுன்னு சொல்லிக்கிட்டுக் கெடக்கேன். அந்தப் பக்கச் சக்கரத்தப் பாத்தேன். அங்கயும் கீழதான். வலது பக்கத்துக் காலிபர எடது பக்கம் மாட்டி இருக்கேன், எடது பக்கத்த வலது பக்கம் மாட்டி இருக்கேன். இது நான். வத்தலக்குண்டு லூர்து. மலையில ஓடுற பிக்கப்புக்கெல்லாம் டிரம்மு பிரேக்கு எதுக்குடா, டிஸ்க்கு பிரேக்கு மாத்துங்கடான்னு டீக்கடையில மேசையத் தட்டித் தட்டிப் பேசுனவன்.

அதுகூடப் போகட்டும். தப்பு நடக்காத பட்டறை எங்க இருக்கு. போகாம நெஞ்சுல நிக்கிறது வேற. கொஞ்ச நேரத்துக்கு முந்தி அவ ஜன்னல் வழியா எட்டிப் பாத்து மெதுவாச் சொன்னா. "ஏங்க, இன்னும் பஞ்சு மாதிரித்தாங்க போகுது." மெதுவாத்தான் சொன்னா. வண்டிக்காரன் சுருளியாண்டி பக்கத்துல நிக்கிறான், அவனுக்குக் கேக்கக் கூடாதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொல்ற மாதிரி சொன்னா. நான் என்ன சொன்னேன். கீழ இருந்துக்கிட்டு, ரோடு பூராக் கேக்குற மாதிரி, "ஒழுங்கா அமுக்குனாத்தான, கால்ல பலமே இல்ல, மூளைய எங்க வச்சுட்டு வந்த"ன்னு சொன்னேன். சுருளியாண்டி சிரிக்கல. சிரிச்சிருந்தாத் தேவல. அவன் அங்கிட்டுத் திரும்பி ரோட்டப் பாக்குற மாதிரி நின்னான், கீழ இருந்து எனக்கு அவன் செருப்பு மட்டும் தெரிஞ்சது, செருப்பு ரெண்டும் ரோட்டப் பாக்கத் திரும்புச்சு. கால்ல பலமே இல்ல. யாரப் பாத்துச் சொன்னேன். நான் சவூதியில கெடந்த வருசம் பூராவும் தையல் மெஷின் மிதிச்சு வீட்ட நிறுத்துன கால் அது. பெரிய கோயில் திருவிழாவுக்கு ஊரே புதுசு போடும், அந்த மாசம் பூரா அவ கால் மெஷின்ல இருந்து எறங்காது. துணி மெல்லிசா இருந்தா ஒரு மிதி, கெட்டியா இருந்தா ஒரு மிதி, காஜா எடுக்கயில ஒரு மிதி. அந்தக் காலு சொல்லுது பஞ்சு மாதிரி இருக்குன்னு. நான் சொல்றேன் பலமில்லன்னு. நெனைக்க நெனைக்க மூஞ்சி எரியுது, ஆயில் பட்டதுனால இல்ல.

எப்பிடி மாறுச்சு. அதையாவது கண்டுபிடிப்போம், பெரிய மேஸ்திரியில்ல. திண்டுக்கல் காயலான் கடையில நொறுங்கிப் போன ஒரு காரோட பின் பிரேக்கு ஜோடியா வாங்குனேன். காலிபர் உக்கார லேத்துல பட்டி வெட்டி, ஓட்ட போட்டு, ஆக்ஸில்ல பொருந்துற மாதிரி ஏற்பாடு பண்ணுனேன், அதெல்லாம் அச்சு அசலா வந்திருச்சு, அதுல ஒரு கொறை சொல்ல முடியாது. அப்புறம் சாக்க விரிச்சு ரெண்டு காலிபரையும் பக்கத்துல பக்கத்துல வச்சேன். பட்டியில ஓட்ட ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலதான் இருக்கு, எத எங்க வச்சாலும் போல்ட்டு ஏறிரும். எது எந்தப் பக்கம்னு கைதான் பிரிக்கும், நான் யோசிக்கிறதே இல்ல. மனசுக்குள்ள சீட்ல ஏறி உக்காந்துக்குவேன். காலிபரோட மூக்கு இப்பிடித் திரும்பி இருந்தா ஸ்டீயரிங் பக்கம், அப்பிடித் திரும்பி இருந்தா எதிர்ப்பக்கம். சவூதியில, தம்மாம்ல எத்தன வண்டிக்கு இப்பிடிப் பிரிச்சிருக்கேன், ஒண்ணு தப்பாது, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தப்பாது. தப்பாது, ஏன்னா அங்க ஸ்டீயரிங் எடது பக்கம் இருக்கும். நம்ம ஊர்ல வலது பக்கம். நான் வந்துட்டேன், கை வரல. கை இன்னும் அங்கன ஏசி இல்லாத தகரக் கொட்டகைக்குள்ள நின்னு எடது பக்கத்து ஸ்டீயரிங்குக்கு வேலை பாத்துக்கிட்டு இருக்கு. ஊருக்கு வந்து இம்புட்டு நாள்ல என்ஜின் வேலை, கிளச்சு வேலை, லைனிங் மாத்துறது இதுதான் பாத்தேன், பக்கம் பாத்து மாட்டுற சாமான் கையில வரல, அதுனால தெரியல. நேத்து ஹேண்ட் பிரேக் கேபிள் எட்டல. பக்கம் மாறுனா கேபிள் எப்பிடி எட்டும், அப்பவாவது உறைச்சிருக்கணும். எட்டலன்னதும் என்ன பண்ணுனேன், கேபிள் வித்தவனுக்குப் போனப் போட்டு, குட்டைக் கேபிளக் குடுத்து ஏமாத்துறியாடான்னு வஞ்சேன். பாவம், அந்தாளு மாத்தித் தர்றேன்னு சொன்னாரு. நேத்து அவரு, இன்னிக்கு இவ. எனக்குத் தப்பு வந்தா மொத வேலையா பக்கத்துல யாரு இருக்கான்னுதான் பாக்குறேன்.

மூளைய எங்க வச்சுட்டு வந்தன்னு கேட்டேனே, அதுவும் என் பேச்சு இல்ல. தம்மாம்ல இருந்த ஃபோர்மேன் பேச்சு. இந்தியில கேப்பான், எல்லாரும் நிக்கிற எடமாப் பாத்துக் கேப்பான், கேட்டுட்டு நம்ம மூஞ்சியப் பாக்காம அடுத்தவன் மூஞ்சியப் பாப்பான், அவன் சிரிக்கணும். ராத்திரி ரூம்ல படுத்துக்கிட்டு, ஒருநாள் ஊருக்குப் போயி சொந்தப் பட்டறை வப்பேன், ஒரு பயலையும் இந்தப் பேச்சுப் பேச மாட்டேன்னு சுவத்தப் பாத்து நெனைப்பேன். ஒரு பயலையும் பேசல, நெசந்தான். பொண்டாட்டியத்தான் பேசி இருக்கேன். வேலைக்கு வர்ற ஆளு இன்னிக்கு மாமனாரு எழவுக்குப் போயிட்டான், அடுப்புல கொழம்ப எறக்கி வச்சுட்டு, நான் வந்து அமுக்குறேன்னு அவளாத்தான் வந்தா. கேபின்ல ஏறத் தெரியாம கதவப் புடிச்சு, சேலையத் தூக்கிச் சொருகி ஏறுனா. ஏறி உக்காந்து ஸ்டீயரிங்க ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு என்னயப் பாத்துச் சிரிச்சா. அந்தச் சிரிப்பு ஏன் இப்ப ஞாபகத்துக்கு வருது, வேற நேரமே கெடைக்கலயா.

செருப்பு மறுபடி இந்தப் பக்கம் திரும்புச்சு. சுருளியாண்டி கேபின் கதவுகிட்ட வந்து நிக்கிறான். "ஏன் மதினி, வேணா நான் ஏறி அமுக்கவா"ன்னு கேக்குறான். நல்ல மனுசன், குத்திக் காட்டுறதுக்குக் கேக்கல. இவன் ஏறி அமுக்குனா இவன் காலுக்கும் பஞ்சாத்தான் போகும். எருமை மாதிரி இருக்கான், இவன் கால்ல பலமில்லன்னு சொல்ல முடியாது. தெரிஞ்சிரும். தெரியட்டுமே, தெரிஞ்சாத்தான் என்ன. அவ என்ன சொல்லப் போறான்னு காதத் தீட்டிக்கிட்டுக் கெடக்கேன். ஜெசிந்தா சொல்றா: "வேணாம்ணே. எனக்குத்தான் ரெண்டு நாளா முட்டிவலி. அவரு சொல்றது சரிதான், என் கால்தான் ஒழுங்கா அமுக்கல." முட்டிவலியா. எனக்குத் தெரியாம ஏது முட்டிவலி. காலையில கோயிலுக்கு நடந்து போயி நடந்துதான வந்தா. முட்டி போட்டு செபம் சொன்னா, நான் பாத்தேன். பொய் சொல்றா. அதுவும் எனக்காக. அந்தப் பயலுக்கு முன்னால என் வேட்டி அவுந்துறக் கூடாதுன்னு அவ சேலைய அவுத்துப் போட்ட மாதிரி இருக்கு. சுருளியாண்டி, "அப்பிடியா மதினி, சுக்கு பத்துப் போடுங்க"ன்னான். "போடணும்ணே"ன்னா. எனக்கு அங்கனயே, அந்தச் சாக்குமேலயே மண்ணத் தோண்டிப் புதஞ்சிறலாம்னு வந்துச்சு. "என்னங்க"ன்னு கூப்புட்டா அவ, கொஞ்சம் இழுத்தாப்புல. "இரு"ன்னேன். அதையும் எரிச்சலாத்தான் சொன்னேன், வேற மாதிரிச் சொல்ல வாய் வரல.

இருக்கு, ஒரு வழி இருக்கு. மேஸ்திரிக்குத் தெரியாத வழியா. காலிபரக் கழட்டி, பிரேக் பேடு ரெண்டுக்கும் நடுவுல ஒரு மரக்கட்டயக் குடுத்து, கையிலயே நிப்பிள் மேல வர்ற மாதிரி திருப்பிப் புடிச்சுக்கிட்டு ஏர் எடுத்தா காத்து பூரா வந்துரும். அப்பறம் இருந்த எடத்துலயே மாட்டிறலாம். அடியில நான் என்ன பண்றேன்னு எவனுக்குத் தெரியும். பெடல் கல்லு மாதிரி நிக்கும், சுருளியாண்டி ஓட்டிப் பாத்துட்டு அண்ணே அண்ணேதான்னு சொல்லுவான், இருட்டுறதுக்குள்ள பண்ணைக்காடு போயிருவான், அங்க அவனுக்கு வாழைத்தாரு வெட்டி அடுக்கிக் கெடக்கு. ஒழுங்கா மாத்தி மாட்டணும்னா ரெண்டு பக்கமும் ஓஸக் கழட்டணும், ஆயில் பூரா வீணாப் போகும், நாளைக்கு மத்தியானம் ஆகிரும், தாரு வெயில்ல கெடந்து பழுக்கும். ஆக அவனுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. பாரு, எம்புட்டு அழகா நியாயம் வருது. ஆனா அதுல ஒண்ணு இருக்கு. நான் திருட்டுத்தனமா ஏர எடுத்துட்டு, மறுபடி "அமுக்கு"ன்னு சொல்லுவேன், அவ அமுக்குவா, பெடல் நிக்கும். நின்னதும் சுருளியாண்டி என்ன நெனைப்பான். பாத்தியா, மதினி இப்பத்தான் ஒழுங்கா அமுக்குதுன்னு நெனைப்பான். வாயவிட்டுச் சொன்னாலும் சொல்லுவான். அவளும் ஆமாண்ணேன்னு சொல்லுவா. அப்பறம் அது பொய்யே இல்ல, அப்பிடியே ஊர்ல நின்னுபோகும், லூர்து சம்சாரம் கால் செத்த கால்னு. அவளே கூட நம்பிருவாளோ. அவ நம்ப மாட்டா. அவளுக்குத் தெரியும். அவ காலுக்குக் கீழ பஞ்சு இருந்ததும், நான் கீழ கட்டயத் தேடி உருட்டுன சத்தமும், திடீர்னு கல்லா நின்னதும் அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே கொழம்ப சுட வச்சு ஊத்துவா.

அப்பறம் மலை ரோட்டுல அந்த வளைவு. நெனைக்க வேணாம்னாலும் வருது. மழைக்காலத்துல அந்த வளைவுல எறங்கி வரயில சுருளியாண்டிக்கு டிரம்மு சூடேறிக் காஞ்சு போயி பிரேக்கே புடிக்கல, கருகல் வாட அடிச்சதாம், வண்டிய மண்ணு மேட்டுல ஒரசி ஒரசி நிறுத்தி இருக்கான். அதுக்கு அப்பறந்தான் எங்கிட்ட வந்தான். தாரு மேல வெட்டுக்காரப் பொம்பளைக உக்காந்து வருவாக, முன்சீட்ல அவன் மக பள்ளிக்கூடத்துக்கு எறங்கும், ரெண்டு சடை போட்டு. நான் பண்ற திருட்டு வேலை இன்னிக்கு நிக்கும், நாளைக்கு நிக்கும். பேடு தேஞ்சு, இல்ல ஓஸு ஒழுகி, மேல மலையில எவனாவது கழட்டி மாட்டி, நிப்பிள் கீழ இருக்கேன்னு யோசிக்காம ஏர் எடுத்தா, அவனும் என்ன மாதிரியே குமிழி வரல, சுத்தமாயிருச்சுன்னு சொல்லி அனுப்பிருவான். அந்த வளைவுல சுருளியாண்டி அமுக்குவான், பெடல் தரையத் தொடும். அப்ப அவன் பக்கத்துல யாரத் திட்டுறது. அந்தப் புள்ளையத்தான் திட்டணும். ச்சீ, என்ன நெனப்பு இது. சும்மா கெட மனசே. சொல்லிறலாம். என்ன பெருசா, சொல்லிறலாம். சுருளி, பக்கம் மாறிப் போச்சுப்பா, நாளைக்குத்தான் முடியும். அம்புட்டுத்தான். அதுல அவ கால் எங்க வருது. வரல. பாரு, சொல்லும்போதே அவள விட்டுட்டுச் சொல்றேன். பக்கம் மாறிப் போச்சாம், அதுவா எந்திரிச்சுப் போயி மாறிக்கிருச்சாம். நான் மாத்தி மாட்டிட்டேன்னு சொல்லணும். அவ கால் மேல தப்பில்லன்னு சொல்லணும். ஆயிரம் பேர்கிட்ட வாய் கிழியப் பேசி இருக்கேன், இந்த ரெண்டு வார்த்தைய மட்டும் மனசுக்குள்ளயே சொல்லிப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன்.

தம்மாம்ல இருந்து போன் பண்ணும்போது அந்தப் பக்கம் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும், கடகடகடன்னு. என்ன சத்தம்பேன். மெஷின்தாங்க, நீங்க பேசுங்கம்பா. நான் அன்னிக்கு வாங்குன ஏச்சை எல்லாம் விட்டுட்டு, இன்னிக்கு ரெண்டு வண்டிக்கு டிஸ்க்கு மாத்துனேன், நீதான் கிங்குன்னு சொன்னாங்கன்னு அளப்பேன். ம்ம், ம்ம்னு கேப்பா. பேச்சு தீந்து போயிரும், போன வைக்க மனசு வராது, அப்பிடியே அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டுப் படுத்துருப்பேன். எத்தனையோ நாள் அதக் கேட்டுத்தான் தூங்கி இருக்கேன். அது அவ கால் சத்தம்னு எனக்கு ஒருநாளும் தோணுனதில்ல. மெஷின் சத்தம்னுதான் நெனைச்சேன். சம்பளம் லேட்டான மாசமெல்லாம் சத்தம் கூட நேரம் கேக்கும், எனக்கும் அது நல்லாத்தான் இருந்துச்சு, கூட நேரம் பேசுறான்னு சந்தோசப்பட்டேன். இப்ப மேல சத்தமே இல்ல. கொடைக்கானல் பஸ்ஸு ஒண்ணு ஆரன் அடிச்சுக்கிட்டுப் போகுது, தூசி வண்டிக்கு அடியில வந்து மூஞ்சியில படியுது, கண்ண மூடிக்கிறேன். வண்டி லேசா நடுங்குற மாதிரி இருக்கு. பஸ்ஸு போனதுனால இருக்கும். பஸ்ஸு போயி எவ்வளவோ நேரமாச்சு, இன்னும் நடுங்குது.

"சுருளி"ன்னேன். சத்தம் கம்மியாத்தான் வந்துச்சு. செருப்பு கிட்ட வந்துச்சு, அப்பறம் முட்டி மடங்குச்சு, அப்பறம் அவன் மூஞ்சி தலகீழாத் தெரிஞ்சது. "என்னண்ணே." சின்னச் சத்தத்துல அவன் காதுக்கு மட்டும் சொல்லிறலாம், அவன் கிட்டத்தான குனிஞ்சிருக்கான். திட்டுனது மட்டும் ஊருக்குக் கேக்கணும், இது இவன் காதோட போகணுமா. மூச்ச இழுத்துக்கிட்டு, முந்தி எந்தச் சத்தத்துல கத்துனேனோ அதே சத்தத்துல சொன்னேன். "காலிபர நான் பக்கம் மாத்தி மாட்டிட்டேன்ப்பா. ரெண்டையும். காலையில இருந்து அவ சரியாத்தான் அமுக்குறா. பஞ்சு மாதிரி இருக்குன்னு அவ சொன்னதுதான் சரி. அவ கால்ல ஒண்ணும் கொறை இல்ல, நாந்தான் தப்பு. நாளைக்கு மத்தியானந்தான் வண்டி கெடைக்கும்." பேசப் பேசக் காது சூடாகுது, ரோட்டோரத்துல பூ விக்கிற அம்மா இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தது சக்கர எடவெளியில தெரிஞ்சது. "சரிண்ணே, மத்தியானமே எடுத்துக்குறேன். தாருக்கு வேற வண்டி பாத்துக்குறேன்"னான் சுருளியாண்டி. "சொன்னதே நல்லதுண்ணே." அம்புட்டுத்தான் அவன் சொன்னது, எந்திரிச்சுப் போனைக் காதுல வச்சுக்கிட்டுப் போயிட்டான். நான் படுத்துக் கெடந்தேன். அவ ஏதாச்சும் சொல்லுவான்னு பாத்தேன். நல்லா வேணும்னு சொன்னாலும் சரி, நாலு வார்த்தை வஞ்சாலும் சரி, எறங்கி வீட்டுக்குப் போயிட்டாலும் சரி. மேல ஒண்ணும் அசையல. வண்டி மட்டும் இன்னும் லேசா நடுங்கிக்கிட்டு இருந்துச்சு, பின்னால இல்ல, முன்னால, கேபின் பக்கம். அப்பறம் அவ குரல் கேட்டுச்சு, கோவம் இல்ல, அழுகை இல்ல, கேக்கலாமா வேணாமான்னு கேக்குற குரல்.

"ஏங்க. பிடின்னீங்க, விடுன்னு சொல்லல. கால எடுத்துக்கட்டுமா?"